‘கிரீட்’ படத்தின் ஒன்பது மணி நேரம் எங்கே போனது?

எரிக் வான் ஸ்ட்ரோஹைம் இயக்கிய ‘கிரீட்’ (1924) என்ற அமெரிக்க மௌனப் படத்தை இணையத்தில் தேடுகிறவருக்கு முதலில் கிடைப்பது குழப்பம்தான். ஓர் இடத்தில் படம் இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. இன்னோர் இடத்தில் இரண்டேகால் மணி நேரம் ஓடுகிறது. மூன்றாவது இடத்தில் நான்கு மணி நேரம். இதற்கு நடுவே, ‘ஒன்பது மணி நேர முழுப் பிரதி கிடைத்துவிட்டது’ என்ற வதந்தி அவ்வப்போது தலைகாட்டி அடங்குகிறது.

‘கிரீட்’ தொலைந்த படம் என்று சொல்வது பாதிதான் சரி. 1924 டிசம்பரில் தியேட்டருக்கு வந்த படம் அப்படியே இருக்கிறது. இல்லாமல் போனது, தியேட்டருக்கே வராத படம். இந்த வித்தியாசம் பிடிபட்டுவிட்டால் மற்ற குழப்பங்களில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். அதற்குக் கொஞ்சம் ரீல் கணக்கும், எடிட்டிங் அறை நடைமுறையும், அக்கால ஸ்டூடியோ அரசியலும் தெரிய வேண்டும்.

கதையும் ஆட்களும்

மூலம், ஃபிராங்க் நாரிஸ் 1899-ல் எழுதிய ‘மெக்டீக்’ என்ற நாவல். சான் பிரான்சிஸ்கோவில் உரிமம் இல்லாமல் பல் வைத்தியம் பார்க்கும் முரட்டு ஆள் மெக்டீக். நண்பன் மார்கஸ் மணக்க நினைத்திருந்த டிரினாவை இவன் மணக்கிறான். நிச்சயத்தை ஒட்டி டிரினாவுக்கு லாட்டரியில் 5,000 டாலர் விழுகிறது. பெண்ணை விட்டுக்கொடுத்தோம், பணமும் போயிற்றே என்று மார்கஸ் வெந்து, உரிமம் இல்லாத விஷயத்தை அதிகாரிகளுக்குப் போட்டுக் கொடுக்கிறான். தொழில் போகிறது. டிரினா பணத்தைத் தொட விடுவதில்லை. தங்கக் காசுகளைத் துடைத்துப் பளபளப்பாக்கி வைத்துக்கொள்வதும், படுக்கையில் பரப்பி அதன் மேல் படுப்பதுமாக அவள் மாறிப்போகிறாள். கடைசியில் மெக்டீக் அவளைக் கொல்கிறான். தப்பி ஓடும் அவனை மார்கஸ் டெத் வேலி பாலைவனத்தில் பிடிக்கிறான். கோவேறு கழுதையைச் சுட்டதில் தண்ணீர்க் குடுவையும் ஓட்டையாகிறது. மார்கஸைக் கொன்ற பிறகுதான், பிணத்தோடு தன் கை விலங்கிடப்பட்டிருப்பது மெக்டீக்குக்குத் தெரிகிறது.

மெக்டீக்காக கிப்சன் கௌலண்ட், மார்கஸாக ஜீன் ஹெர்ஷோல்ட் நடித்தார்கள். ஆஸ்கர் விழாவில் மனிதநேயப் பணிக்காகத் தரப்படும் விருது இந்த ஹெர்ஷோல்ட் பெயரில்தான் இருக்கிறது. டிரினாவாக வந்தவர் ஜாசு பிட்ஸ். மற்ற படங்களில் அவரைப் பெரும்பாலும் நகைச்சுவைக்கே பயன்படுத்தினார்கள். இந்தப் பாத்திரத்துக்கு அவரைத் தேர்ந்தது ஸ்ட்ரோஹைமின் கண். ஒளிப்பதிவு பென் ரேனால்ட்ஸ், வில்லியம் டேனியல்ஸ். டேனியல்ஸ் பிற்பாடு நடிகை கிரெட்டா கார்போவின் ஆஸ்தான ஒளிப்பதிவாளர் ஆனார். கலை இயக்கத்தில் ஸ்ட்ரோஹைமோடு ரிச்சர்ட் டே.

ஸ்ட்ரோஹைம் 1885-ல் வியன்னாவில் ஒரு யூதத் தொப்பி வியாபாரிக்குப் பிறந்தவர். 1909-ல் அமெரிக்கா வந்தார். பிரபு குலத்தில் பிறந்த ராணுவ அதிகாரி என்று தன்னைச் சொல்லிக்கொண்டார். சாகும் வரை அந்தப் பொய்யை விடவில்லை. பெயரிலுள்ள ‘வான்’ அவரே சேர்த்துக்கொண்டது. படத்தில் மட்டும் பொய்க்கு இடம் கொடுக்காதவர் என்பது வேடிக்கைதான்.

ரீல் கணக்கு: நீளம் ஏன் மாறுகிறது

மௌனப் பட காலத்தில் படத்தின் நீளத்தை நிமிடத்தில் சொல்ல மாட்டார்கள். அடியிலும் ரீலிலும் சொல்வார்கள். காரணம் எளிது. கேமராவைக் கையால் சுழற்றினார்கள். புரொஜெக்டர் வேகமும் தியேட்டருக்குத் தியேட்டர் மாறியது. அடி மாறாது, நிமிடம் மாறும்.

1. 35 மி.மீ. படச்சுருளில் ஓர் அடிக்கு 16 பிரேம்கள்.
2. ஒரு ரீல் என்றால் அதிகபட்சம் 1,000 அடி. பெரும்பாலும் முழுதாக நிரம்பியிருக்காது.
3. விநாடிக்கு 16 பிரேம் வேகத்தில் ஓட்டினால் 1,000 அடி ஓட 16 நிமிடம் 40 விநாடி ஆகும். 20 பிரேமில் 13 நிமிடம் 20 விநாடி. பேசும் படத்தின் நிலையான வேகமான 24 பிரேமில் 11 நிமிடம் சொச்சம்.

‘கிரீட்’ தியேட்டருக்கு வந்தபோது 10 ரீல், பத்தாயிரம் அடிக்குச் சற்று மேல். 20 பிரேமில் ஓட்டினால் இரண்டேகால் மணி நேரத்தை ஒட்டி வரும். அதையே 24 பிரேமில் ஓட்டினால் இரண்டு மணிக்குள் முடிந்துவிடும். ஆகவே இணையத்தில் கிடைக்கும் குட்டைப் பிரதியில் பெரும்பாலும் காட்சி எதுவும் குறைந்திருக்காது, வேகம்தான் தவறு. ஆட்கள் துள்ளித் துள்ளி நடந்தால் அதுவே அடையாளம். பழைய படத்தில் எல்லாரும் ஓடிக்கொண்டே இருப்பார்கள் என்ற எண்ணம் நமக்கு வந்ததற்கும் இந்த வேகக் கோளாறே முக்கியக் காரணம்.

ஸ்ட்ரோஹைமின் முதல் வடிவம் 42 ரீல் என்பதே பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. 20 பிரேமில் போட்டால் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வருகிறது. 24-ல் எட்டு மணிக்குக் கொஞ்சம் குறைவு. ‘எட்டு மணி’, ‘ஒன்பது மணி’, ‘பத்து மணி’ என்று ஆளுக்கொரு எண் சொல்வதில் இந்த வேகக் கணக்குக்கும் பங்கு உண்டு. மூன்று தனித்தனிப் படங்கள் இருந்தன என்று அதற்கு அர்த்தமில்லை.

ஒப்பந்தம் ஒன்று, படம் வேறு

ஸ்ட்ரோஹைம் ஏற்கெனவே யுனிவர்சல் ஸ்டூடியோவில் நீளத்துக்காகவும் செலவுக்காகவும் சண்டை போட்டவர். அங்கே ‘மெர்ரி-கோ-ரவுண்ட்’ படப்பிடிப்பின் நடுவில் அவரை வெளியே அனுப்பியவர் இர்விங் தால்பர்க் என்ற இளம் தயாரிப்பு நிர்வாகி. அது 1922 அக்டோபர். அடுத்த மாதமே கோல்ட்வின் கம்பெனி அவரை எடுத்துக்கொண்டது. (அந்தக் கம்பெனிக்குப் பெயர் கொடுத்த சாமுவேல் கோல்ட்வின் அதற்குள் அதிலிருந்து விலகியாயிற்று.)

அந்த ஒப்பந்தம் சொன்னது இது: ஒரு வருடத்தில் மூன்று படங்கள், ஒவ்வொன்றும் 4,500 அடியிலிருந்து 8,500 அடிக்குள், செலவு 1,75,000 டாலரைத் தாண்டக் கூடாது, 14 வாரத்தில் முடிக்க வேண்டும்.

நடந்தது இது: 1923 மார்ச்சில் தொடங்கிய படப்பிடிப்பு அக்டோபரில்தான் முடிந்தது, 198 நாள். சுட்ட படச்சுருள் நாலரை லட்சம் அடிக்குக் கொஞ்சம் குறைவு. 20 பிரேம் கணக்கில் இடைவிடாமல் ஓட்டினால் நான்கு நாள் ஆகும். விளம்பரம் உட்பட மொத்தச் செலவு ஏறக்குறைய 6,65,000 டாலர். கம்பெனி நடுவில் பட்ஜெட்டை உயர்த்திக் கொடுத்தது உண்மை. ஆனால் இந்த அளவுக்கு இல்லை. ‘பாவம் கலைஞன், கொடிய முதலாளி’ என்று இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் அந்த 8,500 அடியைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். வெளியான 10 ரீல் படமே ஒப்பந்த வரம்பைத் தாண்டியதுதான்.

அத்தனை நாள் எதற்கு? அக்கால வழக்கப்படி ஸ்டூடியோவுக்குள் செட் போட்டு எடுக்காமல், சான் பிரான்சிஸ்கோவில் ஹேய்ஸ் தெருவும் லகூனா தெருவும் சந்திக்கும் மூலையில் நிஜக் கட்டடத்தைப் பிடித்து அதன் அறைகளுக்குள்ளேயே படமெடுத்தார். நாவலில் வரும் போல்க் தெருவின் பழைய தோற்றம் 1906 நிலநடுக்கத்தில் போய்விட்டிருந்தது. கதை நடக்கும் காலத்தையும் 1908-க்குப் பிறகு என்று நகர்த்திக்கொண்டார்.

இந்த முறையின் பலனைக் கல்யாணக் காட்சியில் பார்க்கலாம். அறைக்குள் பாதிரியார் மந்திரம் சொல்லிக்கொண்டிருக்கிறார், மணமக்கள் நிற்கிறார்கள், அவர்களுக்குப் பின்னால் ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே, கீழே தெருவில், ஒரு சவ ஊர்வலம் போகிறது. வெட்டி ஒட்டியதல்ல, ஒரே ஷாட். இதை எடுப்பது லேசான காரியமில்லை. வெளியே பகல் வெளிச்சம், உள்ளே அறை இருட்டு. வெளிச்சத்துக்குத் தக்கபடி லென்ஸ் துளையைச் சுருக்கினால் உள்ளே கறுத்துவிடும். உள்ளே சரியாக வைத்தால் ஜன்னல் வெறும் வெள்ளைச் சதுரமாகிவிடும். இரண்டும் தெரிய வேண்டுமானால் அறைக்குள் விளக்குகளைக் கொண்டுவந்து உள் வெளிச்சத்தைத் தெரு வெளிச்சத்துக்கு அருகில் ஏற்ற வேண்டும். அப்படி ஏற்றினால் துளையையும் சுருக்கலாம். அருகில் இருப்பவரும் தூரத்துச் சவப்பெட்டியும் சேர்ந்து துல்லியமாக விழுவார்கள். செட்டில் ஒரு திரைச்சீலை வரைந்து தொங்கவிட்டிருந்தால் அரை நாளில் முடிந்திருக்கும்.

கடைசிக் காட்சிகளுக்கு, மற்ற கம்பெனிகள் போகும் ஆக்ஸ்நார்ட் கடற்கரை மணல்மேடு போதாது என்று, கோடையில் டெத் வேலிக்கே ஆட்களைக் கூட்டிப்போனார். அங்கே 161 டிகிரி ஃபாரன்ஹீட் இருந்ததாக ஓர் எண் புத்தகங்களில் உலவுகிறது. நம்பத் தேவையில்லை. 1913-ல் அதே பள்ளத்தாக்கில் நிழலில் பதிவானது 134 டிகிரி. உலக உச்சமாகக் கணக்கில் உள்ளது அதுதான். 161 வந்திருந்தால் அது வெயிலில் வைத்த வெப்பமானியாக இருக்கும். கேமராக்களுக்கு ஐஸ் நனைத்த துண்டுகளைச் சுற்றி வேலை பார்த்ததும், படக்குழுவில் பலர் படுத்துவிட்டதும், ஹெர்ஷோல்ட் 27 பவுண்டு, அதாவது 12 கிலோ, இளைத்து மருத்துவமனையில் கிடந்ததும் அந்த வெயில் எப்படிப்பட்டது என்று காட்டப் போதும்.

42-லிருந்து 10-க்கு: யார், எப்போது வெட்டினார்கள்

1. 42 ரீல். 1924 ஜனவரியில் நண்பர்கள், பத்திரிகைக்காரர்கள் என ஒரு டஜன் பேர் அளவில் பார்த்தார்கள். காலையில் தொடங்கிய காட்சி மாலை வரை ஓடியது. பார்த்தவர்களில் சிலர் எழுதி வைத்ததே இன்றைக்கு நமக்குச் சாட்சி. ஸ்ட்ரோஹைமே இதை இறுதி வடிவமாக நினைக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இது முதல் கோர்வை.

2. சுமார் 24 ரீல். ஸ்ட்ரோஹைம் தானே குறைத்தது. இரண்டு பகுதிகளாக, இரண்டு இரவுகளில் காட்டலாம் என்பது அவர் யோசனை. அவர் கையால் செய்த கடைசி வடிவம் இதுதான். ‘இயக்குநரின் வடிவம்’ என்று ஒன்றைச் சொல்வதானால் ஒன்பது மணி நேரப் படத்தைச் சொல்வதைவிட, ஐந்தேகால் மணி நேரத்தை ஒட்டிய இதைச் சொல்வதே நியாயம்.

3. 18 ரீல். இனி என்னால் முடியாது என்று ஸ்ட்ரோஹைம் படத்தைத் தன் நண்பரும் இயக்குநருமான ரெக்ஸ் இங்கிராமிடம் அனுப்பினார். இங்கிராமின் எடிட்டர் கிராண்ட் விடாக் வெட்டினார். நான்கு மணி நேரம். இதற்கு மேல் ஓர் அடி வெட்டினாலும் உன்னோடு பேச மாட்டேன் என்று இங்கிராம் தந்தி கொடுத்த கதை பிரபலம்.

4. 10 ரீல். 1924 ஏப்ரலில் மெட்ரோ, கோல்ட்வின், லூயிஸ் பி. மேயர் கம்பெனிகள் ஒன்றாகி எம்.ஜி.எம். உருவானது. ஸ்ட்ரோஹைமை ஒருமுறை வெளியே அனுப்பிய அதே தால்பர்க் இப்போது இங்கே தயாரிப்புத் தலைவர். படம் டைட்டில் எழுத்தாளர் (மௌனப் படக் காட்சிகளுக்கு நடுவே வரும் எழுத்து அட்டைகளை எழுதுபவர்) ஜோசப் ஃபார்னமிடம் போனது. 1924 டிசம்பர் 4 அன்று நியூயார்க் காஸ்மோபாலிட்டன் தியேட்டரில் வெளியானது இந்த வடிவம்.

திரைக்கதையில் ஸ்ட்ரோஹைமோடு பெயர் வரும் ஜூன் மத்திஸைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் கோல்ட்வினில் கதைப் பிரிவின் தலைமையில் இருந்தவர். நடிகர் ருடால்ப் வாலண்டினோவை நட்சத்திரமாக்கியதில் பெரிய பங்கு அவருக்கு. படத்தைக் கொன்றவர் என்று வெகுகாலம் அவரைத் திட்டினார்கள். ஆனால் 1924-ல் அவர் ‘பென்-ஹர்’ வேலையாக இத்தாலி போய்விட்டார். கடைசி வெட்டு அவர் கையால் நடந்ததில்லை. பெயர் வருவது ஒப்பந்தப்படி. ஃபார்னமையும் அடிமட்டக் கூலி எடிட்டர் என்றே ஸ்ட்ரோஹைம் ஏசினார். அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை. முதல் ஆஸ்கர் விழாவில் டைட்டில் எழுதியதற்கான விருதைப் பெற்றவர் அவர். அந்தப் பிரிவே ஒரு வருடத்தோடு நின்றுவிட்டது.

கம்பெனியின் கணக்கு தியேட்டர் கணக்கு. எம்.ஜி.எம்.-மின் தாய் நிறுவனம் லோ’ஸ் சொந்தமாகத் தியேட்டர்கள் வைத்திருந்தது. இரண்டேகால் மணி நேரப் படத்தை ஒரு நாளில் நான்கு ஐந்து முறை ஓட்டலாம். ஐந்து மணி நேரப் படத்தை இரண்டு முறை ஓட்டவே திண்டாட்டம். அதையும் இரண்டு இரவாகப் பிரித்தால் முதல் இரவு வந்தவர் மறுநாள் வருவாரா என்பது நிச்சயமில்லை. இவ்வளவு வெட்டியும் படம் தேறவில்லை: உலகம் முழுக்க வந்த வருமானம் சுமார் 2,75,000 டாலர். வெட்டாமல் விட்டிருந்தால் ஓடியிருக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. அப்படிச் சொல்பவர்கள் இருக்கிறார்கள், எனக்கு நம்பிக்கையில்லை. தங்கத்துக்காக ஆளை ஆள் தின்னும் கதையை 1924 கிறிஸ்துமஸ் வாரத்தில் பார்க்க வந்த கூட்டம் நீளத்துக்காக மட்டும் எழுந்து போகவில்லை.

வெட்டியதில் கதைக்கு என்ன ஆனது

நாவலில் மூன்று ஜோடிகள். மெக்டீக்-டிரினா நடுவில். ஒரு பக்கம் பழைய சாமான் வாங்கும் ஜெர்க்கோவும் வேலைக்காரி மரியாவும்: தன் குடும்பத்தில் ஒரு காலத்தில் நூறுக்கும் மேற்பட்ட தங்கப் பாத்திரங்கள் இருந்ததாக மரியா சொல்லும் கதையைத் திரும்பத் திரும்பக் கேட்பதற்காகவே ஜெர்க்கோ அவளை மணக்கிறான், கடைசியில் கொல்கிறான். மறுபக்கம் கிழவர் கிரானிஸும் மிஸ் பேக்கரும்: பக்கத்துப் பக்கத்து அறையில் இருந்துகொண்டு, சுவருக்கு இருபுறமும் உட்கார்ந்து, பேசாமலே காதலிக்கும் இரண்டு முதியவர்கள். பேராசையின் அடி ஆழம் ஒன்று, அது தொடாத வாழ்க்கை ஒன்று. இந்த இரண்டையும் ஃபார்னம் பிய்த்துப் போட்டார். கிரானிஸ் ஜோடியின் தடயம்தான் மிஞ்சியது. மரியா டிரினாவுக்கு லாட்டரிச் சீட்டு விற்கும் காட்சி மட்டும் கதைக்குத் தேவை என்பதால் தப்பியது. வெளியான படத்தில் அவள் எங்கிருந்தோ வந்து, சீட்டை விற்றுவிட்டு, எங்கோ போய்விடுகிறாள்.

இதைவிடப் பெரிய சேதம் முன்கதையில். தங்கச் சுரங்கத்தில் மெக்டீக்கின் குடிகாரத் தந்தையைக் காட்டும் பகுதி இருந்தது. அது போனதால், சாதுவான முரடன் ஒருவன் குடித்ததும் மிருகமாவது ஏன் என்பதற்கு அடித்தளம் இல்லாமல் போனது. பாத்திரங்கள் படிப்படியாகச் சரிவது ஸ்ட்ரோஹைமின் முறை. படிகளை எடுத்துவிட்டு மேலும் கீழும் மட்டும் வைத்தால், டிரினா ஒரு டைட்டில் கார்டுக்கும் அடுத்ததற்கும் நடுவில் பரம கஞ்சமாகிவிட்டது போலத் தெரிகிறது. நடிப்பு மிகை என்று இன்று சிலர் சொல்வதில் பாதி, நடுவில் இருந்த காட்சிகள் இல்லாததன் விளைவு.

காணாமல் போன இன்னொன்று நிறம். தங்கப் பல், தங்கக் காசு, கானரிக் குருவியின் கூண்டு போன்றவற்றுக்கு மட்டும் ஸ்ட்ரோஹைம் மஞ்சள் ஏற்றச் செய்தார். ஹாண்ட்ஷீகல் முறை என்று பெயர். ஒரு காட்சிக்கு ஒரு தனிப் பிரதி எடுத்து, நிறம் வர வேண்டிய இடத்தைப் பிரேம் பிரேமாகக் கையால் மறைத்து, அதிலிருந்து அச்சு தயாரித்து, சாயத்தைத் தியேட்டர் பிரிண்ட் மேல் ஒற்றி எடுப்பார்கள். நிறம் நெகட்டிவில் கிடையாது. பிரிண்ட் போனால் நிறமும் போயிற்று.

மிச்சத்தை ஏன் கண்டுபிடிக்க முடியாது

வதந்திகள் இங்கேதான் சறுக்குகின்றன. சர்வாதிகாரி முசோலினியிடம் ஒரு முழுப் பிரதி இருந்தது என்பது வரை கதை உண்டு. தொலைந்த படங்கள் திரும்பக் கிடைத்தது நிஜம்தான். ஆனால் அவை எப்படிக் கிடைத்தன என்று பார்க்க வேண்டும்.

1. கேமராவில் ஓடியது நெகட்டிவ். அதிலிருந்து ஒரு வேலைப் பிரிண்ட் எடுப்பார்கள். எடிட்டர் வெட்டி ஒட்டுவது அந்தப் பிரிண்டை.
2. படம் முடிவானதும் அந்தப் பிரிண்டைப் பார்த்து நெகட்டிவை அதே போல வெட்டுவார்கள்.
3. வெட்டிய நெகட்டிவிலிருந்து டஜன் கணக்கில் தியேட்டர் பிரிண்டுகள் அடித்து ஊர் ஊராக அனுப்புவார்கள்.

தொலைந்த படம் திரும்பக் கிடைப்பது பெரும்பாலும் மூன்றாம் படியிலிருந்து. ஊர் ஊராகப் போன ஒரு பிரிண்ட், திருப்பி அனுப்பச் செலவாகும் என்று ஏதோ ஒரு நாட்டில் விநியோகஸ்தரின் கிடங்கில் தங்கிவிடும். எழுபது வருடம் கழித்து யாராவது பெட்டியைத் திறப்பார்கள். ‘கிரீட்’ படத்தில் மூன்றாம் படிக்குப் போனது 10 ரீல் மட்டுமே. 42, 24, 18 மூன்றும் முதல் படியிலேயே நின்றவை. அதிலும் ஒவ்வொரு வடிவமும் முந்தையதை வெட்டிச் செய்தது. எங்கோ ஒரு கிடங்கில் தங்குவதற்கு அவற்றின் பிரிண்ட் ஊரை விட்டே போகவில்லை.

மிஞ்சிய துண்டுகளை வைத்திருக்க ஸ்டூடியோவுக்கு எந்தக் காரணமும் இல்லை. எறியக் காரணம் இருந்தது. அன்றைய படச்சுருள் நைட்ரேட். எரிவதற்கான ஆக்சிஜன் அதற்குள்ளேயே இருப்பதால் தண்ணீருக்குள் போட்டாலும் எரியும். பெட்டகம், காவல், காப்பீடு எல்லாம் செலவு. எறிந்தால் மாறாகக் காசு வரும்: படலத்தில் வெள்ளி இருக்கிறது. வெட்டிய நெகட்டிவை வெள்ளிக்காக உருக்கிவிட்டார்கள் என்பதே பொதுவாக ஏற்கப்பட்ட செய்தி. ஒருவேளை ஒரு பெட்டி எங்கோ கிடந்திருந்தாலும் நைட்ரேட் சும்மா இருக்காது. முதலில் படம் மங்கிப் பழுப்பாகும். பிறகு படலம் பிசுபிசுக்கும். நுரை விட்டுக் கட்டியாகும். கடைசியில் பழுப்புத் தூள். அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்காக 2013-ல் செய்த ஆய்வின்படி, அமெரிக்காவில் வெளியான சுமார் 11,000 மௌன முழுநீளப் படங்களில் 70 சதவீதம் அடியோடு இல்லை. அவை தியேட்டர் தியேட்டராகப் போன படங்கள். போகாத படத்தின் கதி என்னவாக இருக்கும் என்று ஊகிக்கக் கணக்கு வேண்டாம்.

1999-ன் நான்கு மணி நேர வடிவம்

ரிக் ஷ்மிட்லின் என்பவர் டர்னர் கிளாசிக் மூவீஸ் தொலைக்காட்சிக்காகத் தயாரித்தது இது, 239 நிமிடம். புதிதாக ஒரு ஷாட்கூடக் கிடைத்துச் செய்ததல்ல. 1924-ன் 10 ரீல் படம், படப்பிடிப்பின்போது ஸ்டில் கேமராவில் எடுத்த நூற்றுக்கணக்கான புகைப்படங்கள், 1923 மார்ச் தேதியிட்ட திரைக்கதை, இந்த மூன்றையும் கோர்த்தார்கள். படம் இல்லாத இடத்தில் புகைப்படத்தைக் காட்டி, அதன் மேல் கேமராவை மெதுவாக நகர்த்தி, கதையை டைட்டில் கார்டால் சொல்கிறார்கள். தங்க நிறத்தையும் டிஜிட்டலில் ஏற்றினார்கள். இசை ராபர்ட் இஸ்ரேல்.

இதைப் பார்க்கும்போது மனதில் வைக்க வேண்டியவை:

1. ஸ்டில் என்பது படத்தின் பிரேம் இல்லை. நடிகர்களை நிற்க வைத்து வேறொரு கேமராவில், பெரும்பாலும் வேறு கோணத்தில் எடுத்தது. ஸ்ட்ரோஹைமின் ஷாட் எப்படி இருந்தது என்று அது சொல்லாது.
2. திரைக்கதை படப்பிடிப்புக்கு முன் எழுதியது. தளத்தில் மாற்றியவை அதில் இருக்காது.
3. ஒரு காட்சி எத்தனை விநாடி நின்றது, எங்கே வெட்டினார் என்ற தாளம் முழுக்க இன்றைய எடிட்டரின் ஊகம்.
4. நீளம் நான்கு மணி என்பது இங்கிராமின் 18 ரீலோடு பொருந்துவது தற்செயல். அதுதான் இது என்று சில இடங்களில் போட்டிருப்பது பிழை.

ஜெர்க்கோ-மரியா கதையும் கிரானிஸ்-பேக்கர் கதையும் எந்த இடத்தில் மெக்டீக் கதையோடு பின்னின என்று புரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி இல்லை. மீட்பு என்று விற்றது விளம்பரக்காரர் வேலை. உள்ளே இருப்பது, படத்தைப் படிப்பதற்கான நல்ல உரைநூல்.

செயற்கை நுண்ணறிவால் மீதியை நிரப்பலாமே என்ற பேச்சும் இப்போது எழுகிறது. ஒரு ஸ்டில்லை அசைய வைக்கத் தொழில்நுட்பம் வந்துவிட்டது, உண்மைதான். ஆனால் மேலே சொன்ன முதல் மூன்று குறைகளில் ஒன்றைக்கூட அது தீர்க்காது. ஸ்டில் தவறான கோணத்தில் இருந்தால் அசையும் படமும் தவறான கோணத்தில் இருக்கும். அசையாத புகைப்படம் ‘இங்கே படம் இல்லை’ என்று நேர்மையாகச் சொல்கிறது. அசைந்தால் அந்தத் தகவலும் போய்விடும்.

எதைப் பார்ப்பது, எப்படிச் சரிபார்ப்பது

1. முதலில் 10 ரீல் வடிவம். ஓடும் நேரம் இரண்டு மணி பத்து நிமிடத்திலிருந்து இரண்டு மணி இருபது நிமிடத்துக்குள் இருந்தால் வேகம் ஏறக்குறைய சரி. இரண்டு மணிக்குக் குறைந்தால் பிளேயரில் வேகத்தை 0.85-க்குக் குறைத்துப் பாருங்கள், நடை இயல்பாகும்.

2. ஐந்தாம் நிமிடத்திலிருந்து எங்காவது நிறுத்திப் பாருங்கள். அசையாத புகைப்படங்கள் நிறைய வந்தால் அது 1999 வடிவம். மூலப் படம் இப்போது அமெரிக்காவில் பொதுவுடைமை, அதாவது பதிப்புரிமைக் காலம் முடிந்து யாரும் பயன்படுத்தலாம். 1999 வடிவத்தின் இசைக்கும் புதிய டைட்டில்களுக்கும் தனி உரிமை உண்டு. ‘காப்பிரைட் இல்லை’ என்று நினைத்து இரண்டாவதை எடுத்துப் போடுகிறவர்கள் மாட்டிக்கொள்வது இதனால்தான்.

3. பொதுவுடைமைப் பிரதிகளில் இசை பெரும்பாலும் ஏதோ ஒரு பியானோப் பதிவை ஒட்டியதாக இருக்கும்; காட்சிக்கும் இசைக்கும் சம்பந்தமே இருக்காது. ஒலியை அணைத்துவிட்டுப் பார்ப்பது மேல்.

4. முதல் முறை பார்க்கிறவர் 1999 வடிவத்தோடு தொடங்கினால் முதல் ஒரு மணி நேரத்திலேயே சோர்ந்துவிட வாய்ப்பு அதிகம். கல்யாணக் காட்சியையும் டெத் வேலி ரீலையும் அசையும் படமாக ஒரு தடவை பார்த்தவருக்கே, அந்தப் புகைப்படங்களுக்கு நடுவில் எது இல்லை என்பது தெரியும்.